தண்டவாளத்தை எடுக்கப் போகிறார்கள்: எங்கள் வயலுக்கு நடுவில் இருக்கும் 6 ஏக்கருக்கு என்ன விலை? (அயோவா)

#1 வரப்போரம்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் அண்ணனும் சேர்ந்து 2016-ல் அமெரிக்காவின் நடு அயோவாவில் 80 ஏக்கர் விளைநிலம் வாங்கினோம். இங்கே நிரந்தரக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டவர் விளைநிலம் வாங்கச் சட்டம் இடம் தராது. அதனால் இரண்டு பேருக்கும் கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்துதான் வாங்கினோம். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் விற்றுவிட்ட நிலத்தின் ஏக்கம் இதில் கொஞ்சம் உண்டு. உழுவது நாங்கள் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் பணக் குத்தகைக்கு எடுத்து ஒரு வருடம் மக்காச்சோளம், ஒரு வருடம் சோயா என்று போடுகிறார்.

நிலத்தின் அமைப்பைச் சொல்கிறேன். கிழக்கு மேற்காக அரை மைல் நீளம், வடக்கு தெற்காகக் கால் மைல் அகலம். கவுண்டி ரோடு தெற்கு எல்லையில் மட்டும்தான். வடக்கு எல்லையிலிருந்து 300 அடி உள்ளே, 100 அடி அகலத்தில், நீளவாக்கில் ஒரு ரயில் பாதை போகிறது. ஆக வடக்கே 18 ஏக்கர், நடுவில் ரயிலின் 6 ஏக்கர், தெற்கே 56 ஏக்கர் மாதிரி. வடக்குத் துண்டுக்குப் போக ஒரே வழி, தண்டவாளத்தைக் கடக்கும் ஒரு பண்ணை கிராசிங்.

மூன்று வருடமாக அந்தப் பாதையில் ஒரு வண்டியும் வரவில்லை. போன வாரம் ரயில் கம்பெனியிடமிருந்து கடிதம். பாதையைக் கைவிட அனுமதி கேட்கப் போகிறார்களாம். எங்கள் வயலுக்குள் வரும் 6.06 ஏக்கரை ஏக்கருக்கு 10,000 டாலர் வீதம், மொத்தம் 60,600 டாலருக்கு எங்களுக்கே எழுதித் தருவார்களாம். 45 நாளில் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று கடைசி வரி. அந்த வரியைப் படித்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. யாரோ ஒருவர் நடுவில் வேலி போட்டு உட்கார்ந்துகொண்டால் வடக்கே இருக்கும் 18 ஏக்கருக்கு நாங்கள் எப்படிப் போவது?

அண்ணன் வாங்கிவிடலாம் என்கிறான். 10,000 நியாயமான விலையா?

#2 சோளக்காடு

அக்கா, விலையை மட்டும் பார்த்தால் அதிகம் மாதிரித் தெரியாது. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் வருடா வருடம் எடுக்கும் நில விலைக் கணக்கெடுப்பில் 2023-ல் மாநிலச் சராசரி ஏக்கர் 11,835 டாலர், 2024-ல் 11,467. ஆனால் சராசரி உங்கள் நிலத்தைச் சொல்லாது. உங்கள் மண்ணுக்கு சிஎஸ்ஆர்2 மதிப்பெண் என்ன? இங்கே நிலம் வாங்குபவர் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். 100-க்கு எத்தனை என்று மண்ணின் விளைதிறனைச் சொல்லும் எண்.

#3 வரப்போரம்

78 தம்பி. பக்கத்து செக்‌ஷனில் போன நவம்பரில் இதே தரத்து நிலம் ஏக்கர் 10,800-க்குப் போயிற்று.

#4 மூலப்பத்திரம்

தயவுசெய்து யாரும் விலை பேசாதீர்கள். முதலில் பேச வேண்டியது வேறு.

நான் 22 வருடம் ஒரு மாநில நெடுஞ்சாலைத் துறைக்காக நிலப் பத்திரங்கள் பார்த்தவன். பழைய ரயில் பத்திரங்கள் நூற்றுக்கணக்கில் கையில் வந்துபோயிருக்கின்றன. வரப்போரம், உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த 6 ஏக்கர் ரயில் கம்பெனிக்குச் சொந்தம் என்று உங்களுக்கு யார் சொன்னது? கடிதம்தானே?

அமெரிக்காவில் பாதை போட்டபோது ரயில் கம்பெனிகள் நிலத்தை ஒரே விதமாக வாங்கவில்லை. ஒரு விவசாயி முழுக் கிரயம் எழுதிக் கொடுத்திருப்பார். பக்கத்து வயல்காரர் ‘ரயில் ஓட்டிக்கொள்ளலாம்’ என்று வழிப்பாத்தியம் மட்டும் கொடுத்திருப்பார். அடுத்தவர் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருப்பார், அவரிடம் கட்டாயமாக எடுத்து நஷ்டஈடு கொடுத்திருப்பார்கள். கட்டாயமாக எடுத்ததில் பெரும்பாலும் கிடைத்தது வழிப்பாத்தியம்தான். ஒரே பாதையில் ஒரு மைலுக்குள்ளேயே மூன்று விதமும் மாறி மாறி வரும்.

முழுக் கிரயமாக இருந்தால் ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலம் கம்பெனியுடையது, விற்க உரிமை உண்டு. வழிப்பாத்தியமாக இருந்தால், பாதை சட்டப்படி கைவிடப்பட்ட நாளில் அந்தப் பாத்தியம் அழிந்துபோகும். விற்க அவர்களிடம் ஒன்றுமே மிஞ்சாது. அயோவா சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பாத்தியம் அழிந்தால் அந்த இடம் கைவிடும் நேரத்தில் பக்கத்து நிலத்துக்கு யார் சொந்தக்காரரோ அவருக்குப் போகும். இரண்டு பக்கமும் வேறு வேறு ஆள் என்றால் நடுக்கோடு வரை ஆளுக்குப் பாதி. உங்களுக்கு இரண்டு பக்கமும் உங்கள் நிலமே.

அப்படியானால் சும்மா கையில் வந்து விழப்போகிற ஒன்றுக்கு 60,600 டாலர் கொடுப்பீர்களா?

கடிதத்தில் எந்த வகைப் பத்திரம் தருவதாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘குவிட்கிளெய்ம்’ என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். நம் ஊர் விடுதலைப் பத்திரம் மாதிரி. ‘எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை விட்டுக்கொடுத்தேன்’ என்று மட்டும்தான் அதில் சொல்வார்கள். இருக்கிறது என்று உறுதி தர மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இது. கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்துக்கு (நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகம் மாதிரி) போய் பாதை போட்ட காலத்துப் பத்திரங்களை எடுங்கள். உங்கள் 80 ஏக்கர் என்பது இரண்டு 40 ஏக்கர் துண்டுகள், அந்தக் காலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொந்தக்காரர் இருந்திருக்கலாம். தேட முடியவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. 1913-ல் வந்த ஒரு சட்டத்தின்படி நாட்டில் உள்ள ரயில் சொத்துகளை எல்லாம் மதிப்பிட வரைபடம் போட்டார்கள். ‘வேல் மேப்’ என்பார்கள். ஒவ்வொரு துண்டும் யாரிடமிருந்து, எந்தப் பத்திரத்தில் வந்தது என்று அதில் எண் போட்டு அட்டவணை இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். எனக்கு அந்த வரைபடங்கள்மேல் தனி மரியாதை. கையால் வரைந்தவை, நூறு வருடம் கழித்தும் அதை வைத்துத்தான் வழக்கு நடக்கிறது.

உங்கள் கிரயப் பத்திரத்தில் ‘ரயில் பாதை நீங்கலாக’ என்று ஒரு வாசகம் இருக்கும். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

#5 கரிசல்மண்

நான் கோவில்பட்டிப் பக்கம். படித்துக்கொண்டே வந்தேன், ஆச்சரியமாக இருக்கிறது. நம் ஊரில் ரயில்வே எடுத்த நிலம் ரயில்வேக்கே. 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடிக்கு ரயிலே போகவில்லை, அதற்காகப் பாதை இருந்த இடம் யாருக்கும் திரும்பிப் போனதாகப் பேச்சில்லை. அங்கே மட்டும் எப்படித் திரும்பி வருகிறது?

#6 மூலப்பத்திரம்

நல்ல கேள்வி ஐயா. இந்தியாவில் அரசு நிலம் எடுப்புச் சட்டப்படி முழு உரிமையோடு எடுத்துக்கொண்டது. இங்கே போட்டவை தனியார் கம்பெனிகள். வழியில் இருந்த ஒவ்வொரு குடியானவரிடமும் தனித்தனியாகப் பேசி வாங்கின. பேசியதற்கு ஏற்பத்தான் உரிமை.

மத்திய அரசு நிலத்தில் போட்ட பாதைகளுக்குக்கூட இதே கதைதான். 1875-ல் வந்த சட்டத்தின்கீழ் அரசு நிலத்தில் போட்ட பாதைக்கு வழிப்பாத்தியம் மட்டுமே உண்டு, அது கைவிடப்பட்டால் நிலத்தை வைத்திருப்பவருக்கே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் பிராண்ட் வழக்கில் சொன்னது. வயோமிங் மாநிலத்தில் 1976-ல் அரசிடமிருந்து 83 ஏக்கர் பட்டா வாங்கிய குடும்பம். அரசு ‘பாதை எங்களுக்குத்தான் திரும்ப வரும்’ என்றது. எட்டு நீதிபதிகள் குடும்பத்தின் பக்கம், ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம். ஆனால் நடு அயோவாவில் பாதை வந்தபோது நிலம் பெரும்பாலும் தனியார் கைக்குப் போய்விட்டது, அதனால் வரப்போரத்துக்கு அந்தச் சட்டம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

#7 அளவுகோல்

நான் சான்றிதழ் பெற்ற நில மதிப்பீட்டாளர், கன்சாஸில் வேலை. மூலப்பத்திரம் ஐயா சொன்னதுதான் முதல் படி. எந்த உரிமையை மதிப்பிடுகிறோம் என்று தெரியாமல் எண் போடுவது எங்கள் தொழிலில் பெரிய தப்பு. ஆனாலும் கிழக்கோ மேற்கோ ஏதாவது ஒரு துண்டு முழுக் கிரயமாக இருந்தால் விலை பேசத்தான் வேண்டியிருக்கும். அதனால் சொல்கிறேன்.

ரயில் கம்பெனி 10,000 எப்படி வந்தடைந்தது என்று ஊகிக்க முடிகிறது. ‘வேலிக்கு அந்தப் பக்கம்’ என்று ஒரு முறை உண்டு. பாதையை ஒட்டி இருக்கும் நிலம் என்ன விலையோ அதே விலை பாதைக்கும். ஊருக்குள் போகும் இடத்தில் மனை விலை, வயலுக்குள் போகும் இடத்தில் வயல் விலை. பாதையை முழுசாக, ஒரே நீளமாக யாராவது குழாய் பதிக்கவோ கேபிள் போடவோ வாங்கும்போது இது ஓரளவு பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் வாங்குவது 2,640 அடி நீளமும் 100 அடி அகலமும் உள்ள ஒரு மேடு.

அந்த மேட்டில் என்ன இருக்கிறது? கம்பெனி தண்டவாளத்தை எடுத்துக்கொண்டு போய்விடும், அதற்குப் பழைய இரும்பு விலை உண்டு. கெஜத்துக்கு 90 பவுண்டு தண்டவாளம் என்றால் உங்கள் அரை மைலிலேயே 79 டன். நல்ல ஸ்லீப்பர் கட்டைகளையும் எடுப்பார்கள், சுமார் 1,600 இருக்கும். மக்கியதை ஓரத்தில் போட்டுவிட்டுப் போவது உண்டு. அது மக்காமல் இருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊற வைத்த மரம், வீட்டு அடுப்பில் போட்டு எரிக்கக் கூடாது. அப்புறம் ஜல்லி. அப்புறம் பாதையைத் தாங்கும் மண் கரை. பல வருடம் களைக்கொல்லி அடித்த இடம் வேறு, பழைய பாதைகளில் ஆர்செனிக் கிடைப்பது சாதாரணம். மண் பரிசோதனை செய்யாமல் கையெழுத்து போடவே போடாதீர்கள்.

கரை உயரம் எவ்வளவு? 4 அடி என்று வைத்துக்கொள்வோம். மேலே 16 அடி அகலம், கீழே 32 அடி. அரை மைலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 9,400 கன கெஜம் மண். அதைத் தள்ளிச் சமன் செய்து மேல்மண் போட்டால்தான் சோளம் நடலாம். அப்போதும் முதல் சில வருடம் பக்கத்து மண் மாதிரி விளையாது. ஆக சிஎஸ்ஆர்2 78 உள்ள வயலின் விலையை அந்த மேட்டுக்குக் கேட்பது நியாயமில்லை. அந்த மண்ணுக்கு இன்று 78 கிடையாது.

#8 சைக்கிள்காரன்

எல்லோரும் நிலக்காரர் பக்கமே பேசுகிறீர்கள். நான் மிசோரியில் இருக்கிறேன், கேட்டி டிரெயிலிலிருந்து பத்து நிமிடம். 1986-ல் ரயில் நின்ற பாதை அது, இன்று சுமார் 240 மைல் நீளத்துக்கு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இருக்கிறது. என் அம்மா ஊரிலிருந்து வரும்போது தினமும் அதில்தான் நடப்பார். இந்த நாட்டில் 1916-ல் இரண்டரை லட்சம் மைலுக்கு மேல் ரயில் பாதை இருந்தது, நூறாயிரம் மைலுக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு வயல்காரரும் தன் துண்டை உழுதுவிட்டால் மறுபடி ஒரு காலத்தில் ரயில் வேண்டும் என்றால் எங்கே போவது? ஒரு முறை துண்டான பாதையைத் திரும்ப ஒட்ட முடியாது.

அதனால்தான் 1983-ல் ரயில்பேங்கிங் சட்டம் கொண்டுவந்தார்கள். பாதையைக் கைவிடாமல் டிரெயிலாக வைத்திருப்பது, தேவைப்பட்டால் மறுபடி ரயில். வரப்போரம் மேடம் பாதையிலும் அது நடக்கலாம். நடந்தால் நல்லது என்றே நினைக்கிறேன்.

#9 மூலப்பத்திரம்

தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நானும் அந்த டிரெயிலில் நடந்திருக்கிறேன். ஆனால் அந்த டிரெயிலுக்கு அடியில் வழிப்பாத்தியம் மட்டும் கொடுத்த விவசாயிகள் வழக்குப் போட்டு, அரசு அவர்கள் சொத்தை எடுத்துக்கொண்டது என்று 2000-ல் தீர்ப்பு வந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரயில்பேங்கிங் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் வெர்மான்ட் வழக்கில் சொன்னது. செல்லும், ஆனால் நிலக்காரர் நஷ்டஈடு கேட்கலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான். டிரெயில் வேண்டும் என்றால் அதற்கான விலையை நாடு கொடுக்கட்டும், ஒரு விவசாயியின் தலையில் கட்ட வேண்டாம். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை.

வரப்போரம் கவனிக்க வேண்டியது தேதிகளை. கைவிட அனுமதி கேட்டு ரயில் கம்பெனி போக வேண்டியது மத்திய அரசின் தரைவழிப் போக்குவரத்து வாரியத்துக்கு. இரண்டு வருடமாக உள்ளூர்ச் சரக்கே போகவில்லை என்றால் சுருக்கு வழி உண்டு, மளமளவென்று முடிந்துவிடும். நடுவில் யாராவது டிரெயில் கேட்டு, கம்பெனி பேசச் சம்மதித்தால் வாரியம் ஓர் அறிவிப்பு கொடுக்கும். முன்பு பேச்சுவார்த்தைக்கு 180 நாள், இப்போது ஒரு வருடம், நீட்டிக்கவும் செய்யலாம். அந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஆறு வருடத்துக்குள் மத்திய அரசுமேல் வழக்குப் போட வேண்டும். டிரெயில் திறக்கிற நாளிலிருந்து என்று நினைத்துக் காத்திருந்து ஏமாந்தவர்கள் பலர்.

உங்கள் மாநிலத்திலேயே நடந்த கக்கெலின் வழக்கைப் பாருங்கள். 2013-ல் அறிவிப்பு வந்தது, பேச்சு முறிந்தது, டிரெயிலே வரவில்லை. இருந்தும் அந்த 180 நாள் அரசு நிலத்தைப் பிடித்து வைத்ததே ஒரு பறிப்புதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் சொன்னது. நிலத்துக்குக் கணக்கிட்ட தொகை 900 டாலர்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த வழக்குகளுக்கெல்லாம் அது வழிகாட்டி.

#10 வரப்போரம்

எல்லோருக்கும் நன்றி. குவிட்கிளெய்ம்தான் எழுதியிருக்கிறார்கள் ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே. இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில்.

சைக்கிள்காரன், உங்கள்மேல் கோபமில்லை. டிரெயில் வந்தால் மனிதர்கள் நடப்பார்கள், அது எனக்குப் பிடிக்கும். ஆனால் எங்கள் குத்தகைக்காரருக்கு 71 வயது. விதைக்கும் இயந்திரமும் அறுவடை இயந்திரமும் அந்த ஒரு கிராசிங் வழியாகத்தான் போக வேண்டும். மருந்து அடிக்கும் நாளில் டிரெயிலில் குழந்தைகள் வந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கிராசிங்கை யார் உரிமையாக வைத்திருப்பார்கள் என்பதுதான் என் பயமே.

#11 சோளக்காடு

அக்கா, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பாதை போவதால் உங்கள் 74 ஏக்கரின் விலையும் மாறலாம். நான் வேலை செய்வது ஒரு தானிய எலிவேட்டரில், அதாவது விவசாயிகளிடம் தானியம் வாங்கிச் சேமித்து அனுப்பும் கிடங்கில். ரயில் வரும் எலிவேட்டர் தூரத்துச் சந்தைக்கு மலிவாக அனுப்பும், அதனால் விவசாயிக்கு புஷலுக்கு (இங்கே தானியம் அளக்கும் அளவு) சில சென்ட் கூடக் கொடுக்க முடியும். ரயில் போய்விட்டால் எல்லாம் லாரிதான், அந்தச் செலவு விவசாயி கையில் வரும் விலையில்தான் கழியும். உங்கள் ஊர் எலிவேட்டர் மூன்று வருடமாகவே லாரியில் அனுப்புகிறது என்றால் அந்த அடி ஏற்கனவே விழுந்துவிட்டது, இனிப் புதிதாக விலை குறையாது. பக்கத்தில் சோளத்தை வாங்கும் எத்தனால் ஆலை இருந்தால் ரயில் போனதே தெரியாது. விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம் டைல் வடிகால், வயலுக்கு அடியில் தண்ணீர் வடியப் பதிக்கும் குழாய். வடக்கு 18 ஏக்கரின் தண்ணீர் எங்கே வடிகிறது? கரைக்கு அடியில் பழைய களிமண் டைலோ கல்வெர்ட்டோ இருக்கும். கரையை யார் வாங்கினாலும் அதைத் தொட்டால் உங்கள் வயலில் தண்ணீர் நிற்கும். இதைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.

#12 அளவுகோல்

சோளக்காடு சொன்னதை ஒட்டியே நானும் சொல்கிறேன். இந்த மாதிரி நிலத்தில் நடுத் துண்டை மட்டும் தனியாக எடை போட்டால் விஷயம் பிடிபடாது. முழுப் பண்ணையையும் இரண்டு முறை மதிப்பிட வேண்டும். வழிப்பாத்தியம் எதுவும் இல்லாமல் 80 ஏக்கரும் ஒரே வயலாக இருந்தால் என்ன விலை? நடுவில் பிறர் கையில் ஒரு பட்டை இருந்தால் என்ன விலை? வித்தியாசம்தான் அந்தப் பட்டையின் பிடி. மத்திய அரசு நஷ்டஈட்டு வழக்குகளில் இப்படித்தான் கணக்குப் போடுகிறோம்.

உங்கள் நிலத்தில் பாதை நீளவாக்கில் போவது ஒரு நல்ல விஷயம். வரிசைகள் அதற்கு இணையாகவே ஓடும், இயந்திரம் திருப்பும் இடத்தில் பெரிய நஷ்டமில்லை. குறுக்கே மூலைவிட்டமாகப் போயிருந்தால் முக்கோணத் துண்டுகள் விழுந்து, நஷ்டம் இதைவிட எவ்வளவோ அதிகமாக இருந்திருக்கும். ஆனால் ரோடு இல்லாத 18 ஏக்கர் என்பது வேறு கதை. கிராசிங் போய்விட்டால் அந்த 18 ஏக்கரை வாங்க ஒரே ஆள்தான் வருவார், வடக்குப் பக்கத்து வயல்காரர். ஒரே ஆள் வாங்க வரும் நிலத்துக்கு அவர் சொல்வதுதான் விலை. 10,800 மதிப்புள்ள நிலம் பாதிக்குப் போகலாம்.

ரயில் கம்பெனி இதைத் தெரிந்துகொண்டுதான் ‘வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம்’ என்று எழுதியிருக்கிறது. அவர்கள் 6 ஏக்கர் மேட்டை விற்கவில்லை, உங்கள் 18 ஏக்கரின் வாசலை உங்களுக்கே விற்கிறார்கள். அதனால் கிராசிங் எந்த 40-ல் இருக்கிறது என்று பாருங்கள், கிழக்கா, மேற்கா? அந்த 40-ன் பத்திரம்தான் முக்கியம்.

#13 கரிசல்மண்

எங்கள் பக்கம் இதற்கு ‘வண்டிப்பாதை’ என்போம். வண்டிப்பாதை இல்லாத புஞ்சையை யாரும் வாங்க மாட்டார்கள், எவ்வளவு நல்ல கரிசலாக இருந்தாலும். கடல் தாண்டியும் இதே பாடுதான் போலிருக்கிறது. முடிவு என்ன ஆயிற்று என்று கண்டிப்பாக எழுதுங்கள் அம்மா.

#14 வரப்போரம் (மூன்று வாரம் கழித்து)

ஒரு நாள் லீவு போட்டு கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா மிகவும் பொறுமையாக 1881-ம் வருடப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கையெழுத்து அவ்வளவு அழகு, ஆனால் படிக்க அரை நாள் ஆயிற்று.

மேற்கு 40-ன் பத்திரம்: அப்போதைய சொந்தக்காரர் ஒரு டாலருக்கு ‘ரயில் பாதை போடவும் நடத்தவும் வழி உரிமை’ கொடுத்திருக்கிறார். ரயில் ஓடும்வரை என்றும் எழுதியிருக்கிறது.

கிழக்கு 40-ன் பத்திரம்: இது வேறு ஆள். 120 டாலருக்கு, அளவெல்லாம் குறிப்பிட்டு, 100 அடி பட்டையை வாரிசுகளுக்கும் சேர்த்து என்றென்றைக்கும் விற்றதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ரயில் என்ற சொல்லே அதில் இல்லை.

கிராசிங் மேற்கு 40-ல் இருக்கிறது!

#15 மூலப்பத்திரம்

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வக்கீலிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள், நான் வக்கீல் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியது அப்படியே இருந்தால் மேற்கு வழிப்பாத்தியம், கிழக்கு முழுக் கிரயம். மேற்கில் உள்ள 3.03 ஏக்கரை விற்க அவர்களுக்கு எதுவும் இல்லை. பாதை சட்டப்படி கைவிடப்பட்டு தண்டவாளம் எடுக்கப்பட்டதும் அது உங்களுடையது. எடுக்காமலே போட்டுவிட்டாலும், கடைசி அனுமதி வந்து ஒரு வருடத்தில் பாத்தியம் அழியும் என்று அயோவா சட்டம் சொல்கிறது. வடக்கு 18 ஏக்கருக்கு வாசல் மேற்கிலேயே திறந்துவிடும்.

ரயில்பேங்கிங் அறிவிப்பு வந்தால் மட்டும் மேற்கும் அவர்கள் கையிலேயே நிற்கும். அப்போது அதற்கு நஷ்டஈடு மத்திய அரசிடம் கேட்கலாம், கிழக்குக்குக் கேட்க முடியாது.

#16 அளவுகோல்

வாசல் மேற்கில் என்றால் கிழக்கு 3.03 ஏக்கருக்கு உங்கள்மேல் எந்தப் பிடியும் இல்லை. இனி அது வெறும் மேடு. மண்வேலைக்காரரிடம் விலை கேளுங்கள், பிறகு பேசுவோம்.

#17 வரப்போரம்

கேட்டோம். முழு அரை மைலையும் சமன் செய்ய 37,600 டாலர் சொன்னார், கன கெஜத்துக்கு 4 டாலர். வயல் விலை 10,800-ஐ 6.06-ஆல் பெருக்கினால் 65,448. செலவைக் கழித்தால் சுமார் 27,850, ஏக்கருக்கு 4,600 மாதிரி. விளைச்சல் திரும்பும் வரை ஆகும் நஷ்டமும் மண் பரிசோதனையும் இதில் சேரவில்லை.

வக்கீலும் இரண்டு பத்திரங்களையும் பார்த்து அதையேதான் சொன்னார். கிழக்கு 3.03 ஏக்கருக்கு மட்டும், மண் பரிசோதனை சுத்தமாக வந்தால், 11,000 டாலர் தருவதாக எழுதச் சொன்னார். கரைக்கு அடியில் உள்ள டைலைத் தொடக் கூடாது, மக்கிய கட்டைகளை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று இரண்டு நிபந்தனை. மேற்குக்கு ஒரு பைசா இல்லை, 1881 பத்திரத்தின் நகலை இணைத்திருக்கிறோம். நேற்றுதான் பதிவுத் தபாலில் போயிற்று.

அண்ணன் இன்னும் பயப்படுகிறான், அவர்கள் டிரெயில்காரர்களிடம் போய்விட்டால் என்று. போகலாம். வாரியத்தின் இணையதளத்தில் அந்தப் பாதையின் பெயரைப் போட்டு வாரம் ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அறிவிப்பு வந்த தேதியை நாள்காட்டியில் சிவப்பில் எழுத வேண்டும் என்றும்.

குத்தகைக்காரரிடம் பத்திரத்தின் நகலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மேற்கு 40-ஐ ஒரு டாலருக்குக் கொடுத்தவரின் குடும்பப் பெயர் அவருடைய பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர்.

#18 மூலப்பத்திரம்

அந்த நகலில் ஒன்றை அவருக்கும் கொடுத்துவிடுங்கள் அம்மா.

#19 வரப்போரம்

கொடுத்துவிட்டேன் ஐயா. கம்பெனியின் பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். ஏப்ரல் கடைசியில் விதைப்பு, இந்த வருடமும் கிராசிங் வழியாகத்தான்.